ஒரே தொட்டியில் தண்ணீர்

கனகலதாவை அவள் அப்பா வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் ஊரில் அப்படித்தான் பேசிக்கொள்கிறார்கள். அப்பாண்டை நயினார் யாரையும் கழுத்தைப் பிடித்துத் தள்ளுகிற ரகம் இல்லை. ஜைனர், எறும்புக்கு ஒதுங்கி வழிவிட்டு நடக்கிற மனுஷர். அடி அண்ணாமலைக்காரன் அறிவுச்செல்வனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று மகள் வந்து நின்ற அன்று, "உன் இஷ்டம்மா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதற்குப் பிறகு அவளோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

அதுவும் எங்கோ கண்காணாத தேசத்தில் இருந்தாலாவது பரவாயில்லை. ஒரே ஊர். அவர் வீடும், மகன் தேவகுமாரின் அரிசி மண்டியும் பெரிய கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில். கனகலதாவின் வாடகை வீடு செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில், மாடியில். ஷேர் ஆட்டோ பிடித்தால் பத்து நிமிஷம். மார்க்கெட்டில் எதிரெதிரே வந்துவிட்டால் நயினார் நிற்பார். அவள் போக வழிவிடுவார். அவள் போன பிறகு நடப்பார். முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் மாட்டார். திருப்பிக்கொண்டால்கூடத் தேவலை, கோபம் என்று ஒன்றாவது மிச்சம் இருக்கிறதே என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொள்ளலாம். அம்மா செத்தபோது கனகலதா தெருவில் நின்று பார்த்துவிட்டு வந்தாள். உள்ளே வா என்று யாரும் கூப்பிடவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. இந்த மாதிரி அகிம்சையை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது?

இத்தனைக்கும் அவள் வீட்டுக்குள் இன்றுவரை ஒரு முட்டை வந்ததில்லை. தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடம் நிரப்புவாள். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவாள். அறிவுச்செல்வனுக்குக் கறி தின்ன வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மா வீட்டுக்குப் போய்த் தின்றுவிட்டு, பல் விளக்கி, சட்டை மாற்றிக்கொண்டு வருவான். அதில் அவனுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சும்மா சொல்லக் கூடாது, தங்கமான மனுஷன். டவுனில் ஓர் அச்சகத்தில் வேலை.

கனகலதா பிள்ளைகளுக்குப் படம் வரைகிறவள். இப்போது சில வருஷமாக ஏ.ஆர். அட்டைகள். அட்டையில் ஒரு யானை இருக்கும். போன் கேமராவை அதன்மேல் காட்டினால் போன் திரையில் அந்த யானை அட்டையைவிட்டு எழுந்து, மேஜைமேல் நின்று காதை ஆட்டும், தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறும். வரைவது இவள். அசைய வைப்பது இளவரசன் என்கிற பையன். பெங்களூர் வேலை அலுத்துப்போய்த் திரும்பி வந்து, ஆசிரமத்துக்கு எதிரே ஒரு காபிக் கடை மாடியில் வெள்ளைக்காரர்களுக்கு நடுவில் லேப்டாப்போடு உட்கார்ந்திருப்பான். அட்டை அச்சாவது அறிவுச்செல்வனின் அச்சகத்தில்.

இந்த வேலையில் ஒரு சூட்சுமம் உண்டு. போனுக்கு அழகு தெரியாது. புள்ளியும் கீறலும் மூலைமுடுக்கும்தான் தெரியும். வழவழவென்று லட்சணமாக வரைந்து வைத்தால், "யானையா, எங்கே?" என்று தேடிக்கொண்டே இருக்கும். அதனால் கனகலதாவின் யானைக்கு நெற்றியில் தழும்பு இருக்கும், காது ஓரம் கிழிந்திருக்கும், காலடியில் ஒன்றைப்போல் ஒன்று இல்லாத கூழாங்கற்கள் கிடக்கும். அடிபட்ட மிருகங்களாக வரைந்தால்தான் அவை எழுந்து நிற்கும் என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள். முன்பு பள்ளிக்கூடங்களுக்கு ஒரு கட்டு செய்து கொடுத்திருந்தார்கள். அதில் புலி அட்டையையும் மான் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புலி பாய்ந்து மானை அடிக்கும். பிள்ளைகள் அதற்குத்தான் உயிரை விட்டார்கள்.

அந்தக் கட்டுகளில் ஒன்று தேவகுமாரின் மகள் தீக்ஷாவின் கைக்குப் போயிருக்கிறது. குழந்தை தாத்தாவின் முழங்கால்மேல் கரடியை நிற்க வைத்து விளையாடியிருக்கிறாள். அட்டை மூலையில் தங்கை பெயரைப் பார்த்த தேவகுமார், ஜைனக் கோயில் கமிட்டியில் பேசிவிட்டு, ஒரு நாள் சாயங்காலம் கனகலதாவின் வீட்டுப் படியேறி வந்து நின்றான். அண்ணன் அந்தப் படியில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

"உள்ள வாண்ணா."

"இருக்கட்டும். ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன்."

"தண்ணியாச்சும் குடி. வடிகட்டினதுதான்."

அவன் சொம்பை வாங்கி, கொஞ்சம் யோசித்து, பிறகு அண்ணாந்து குடித்தான். அதற்கே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன தலையெழுத்து பாருங்கள், கூடப் பிறந்தவன் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததற்கு அழுகிற நிலைமை.

விஷயம் இதுதான். மகாவீர் ஜெயந்திக்கு ஊரில் இருக்கும் ஜைனக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு பரிசு தர வேண்டும். தீர்த்தங்கரர் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளம் உண்டு. பாதிக்குமேல் மிருகங்கள்: காளை, யானை, குதிரை, குரங்கு, மான், பாம்பு, சிங்கம். அவற்றையெல்லாம் அட்டையில் வரைந்து எழுந்து நிற்க வைக்க வேண்டும். கடைசியில் தனியாக இரண்டு அட்டை, ஒரு சிங்கமும் ஒரு பசுவும். பகவான் உபதேசம் செய்கிற சபையில் சிங்கமும் பசுவும் பகை மறந்து ஒரே தொட்டியில் தண்ணீர் குடிக்கும் என்பது ஜைனர் வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அந்த இரண்டு அட்டைகளையும் சேர்த்து வைத்தால் நடுவில் தொட்டி எழும்ப வேண்டும். இரண்டும் தலை குனிந்து குடிக்க வேண்டும்.

"சேர்த்து வெக்கறது அப்பாவோட யோசனை," என்றான் தேவகுமார். "அவர்தான் மேடையில முதல்ல வெக்கப்போறாரு. நல்லா வந்துச்சுன்னா உன்னக் கூப்பிட்டு அவர் கையால சால்வ போடறதா கமிட்டில பேசியிருக்கு. அப்பா வேணாம்னு சொல்லல."

"வேணாம்னு சொல்லலையா?"

"சொல்லல. அப்புறம் எல்லாம் தானா சரியாயிடும் கனகா. வீட்டுக்கு வரலாம், போலாம்."

வீட்டுக்கு வரலாம், போலாம். அந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் மூன்று மாசம் வேலை செய்தாள். வெளி வேலை ஒன்றையும் தொடவில்லை. காளைக்குத் திமிலில் சுழி, குதிரைக்கு முழங்காலில் வடு, குரங்குக்கு வாலில் முடி உதிர்ந்த இடம். பசுவுக்காகக் கிரிவலப் பாதையில் நடையாய் நடந்தாள். அங்கே போகிற வருகிறவர்கள் கொடுக்கும் அகத்திக்கீரையைத் தின்று கொழுத்துப்போய், ஆட்டோ ஹாரனுக்கும் அசையாமல் நடுரோட்டில் நிற்கிற மாடுகளில் ஒன்றைப் பிடித்துப் போட்டு வரைந்தாள். வெள்ளைப் பசு என்றால் போனுக்குப் பிடிபடாது என்று வயிற்றில் சேற்றுத் திட்டும், தொடையில் காய்ந்த சாணியும் வைத்தாள்.

கமிட்டியில் சாந்திநாதன் என்று ஒரு பெரியவர். எதையும் ஒரு குறை சொல்லாமல் கையெழுத்துப் போட மாட்டார். "பசு மேல சேறு எதுக்கு? குளிப்பாட்டிட்டு வரையக் கூடாதா?" என்று கேட்டனுப்பினார். சிங்கத்துக்குப் பல் தெரியக் கூடாது என்றும் சொல்லியனுப்பினார். சேற்றுக்குக் காரணம் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தாள். சிங்கத்தின் வாயை மூடிவிட்டாள். வாயை மூடிய பிறகு அந்தச் சிங்கத்தின் முகம் கொஞ்சம் அப்பாவைப்போல இருந்தது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

பண்டிகை நெருங்கும்போது இளவரசன் கூப்பிட்டான்.

"அக்கா, தனித்தனியா எல்லாம் சூப்பரா எழுந்துக்குது. சிங்கம், பசு மட்டும் அச்சடிச்ச அட்டைய சேர்த்து வெச்சு ஒரு தடவ பாத்துடணும். ஸ்கூல் கட்டுக்குப் பண்ண புரோகிராம் மேலதான் இதையும் கட்டியிருக்கேன். எங்கயாச்சும் பழசு எட்டிப் பாத்துடும்."

நியாயமான பேச்சு. இவள் அண்ணனிடம் சொன்னாள்.

"கூடவே கூடாது," என்றான் தேவகுமார். "அப்பா நோன்பு புடிச்சிருக்காரு. பூஜை முடிச்சு, சன்னிதியில அவர் கையால சேர்க்கற வரைக்கும் யாரும் ரெண்டையும் சேர்த்து வெக்கக் கூடாதுன்னுட்டாரு. பிரதிஷ்டை ஆகாத விக்கிரகத்துக்கு முன்னாடியே ஒருதரம் அபிஷேகம் பண்ணிப் பாப்பாங்களான்னு கேக்கறாரு."

"இது விக்கிரகம் இல்லண்ணா. மெஷினு. ஓடுதா இல்லையான்னு பாக்க வேணாமா?"

"உனக்கு மெஷினு. அவருக்கு அப்படி இல்ல. கூடி வர்ற நேரத்துல கெடுத்துடாத கனகா."

கெடுத்துடாதே என்ற சொல் அவளுக்குப் போதும். அதற்குமேல் வாதாடவில்லை. இளவரசனிடம் சேர்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"திரையிலயாவது வெச்சுப் பாக்கறேனே. யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும்ல. வேணாம் இளவரசு."

பைத்தியம் என்றுதான் அவன் நினைத்திருப்பான். ஆனால் கேட்டுக்கொண்டான். அச்சான அட்டைக் கட்டுகள் அவள் வீட்டிலேயேதான் இருந்தன. ஒரு மத்தியானம் அவளும் ஒரு சிங்கத்தையும் ஒரு பசுவையும் கையில் எடுத்தாள். அறிவுச்செல்வன் பார்த்துவிட்டு, "வெச்சுப் பாத்துடேன். நான் வேணா வெளிய போயி நிக்கறேன்" என்றான். அவள் பசுவை அலமாரிக்குள் வைத்தாள். சிங்கத்தைக் கொண்டுபோய் அடுப்பங்கரைப் பரணில் வைத்தாள். ஒரே அறையில்கூட அவை இருக்க வேண்டாம் என்று பட்டது. அப்பா கைதான் முதலில். நல்ல மகளாக இருந்துவிட வேண்டும் என்கிற பேராசையில் நல்ல வேலைக்காரியாக இருக்க மறந்துபோனாள். வேறு யாராவது இப்படிச் செய்வார்களா சொல்லுங்கள்.

மகாவீர் ஜெயந்தி அன்று காலையிலேயே வெயில் தகித்தது. கோயில் சின்னதுதான், முற்றத்தில் பந்தல் போட்டுப் பெரிய திரை கட்டியிருந்தார்கள். மேடையில் காட்டுகிற போனில் தெரிவது அந்தத் திரையிலும் தெரியும். கனகலதா வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு போய்ப் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். அண்ணி ஒரு தடவை திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அறிவுச்செல்வன் உள்ளே வரவில்லை, எதிர்ச்சாரி டீக்கடையில் ஸ்கூட்டர்மேல் உட்கார்ந்திருந்தான். பிள்ளைகளுக்கெல்லாம் கட்டைக் கொடுத்து, சிங்கத்தையும் பசுவையும் மட்டும் தாத்தா சேர்க்கிற வரைக்கும் யாரும் சேர்க்கக் கூடாது என்று தேவகுமார் மைக்கில் நாலு தடவை சொன்னான்.

நயினார் ஒவ்வொரு அட்டையாக எடுத்து வைத்தார். தீக்ஷா போனைப் பிடித்தாள். காளை எழுந்து கொம்பை ஆட்டியது. யானை பிளிறியபோது வயசான பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். மான் காதை விறைத்துக்கொண்டு சுற்றுமுற்றும் பார்த்தபோது நயினாரே சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே நிமிர்ந்து பெண்கள் பக்கம் பார்த்தார். யாரையோ தேடுகிற பார்வை. கனகலதா புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். சால்வை ஒரு தட்டில் தயாராக இருந்தது.

பிறகு சிங்கம். பிறகு பசு. நயினார் இரண்டு அட்டைகளையும் நெற்றியில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

சிங்கம் தலையைத் தூக்கியது. பசுவைப் பார்த்தது. பந்தலில் ஒரு சத்தம் இல்லை. யாரோ நமஸ்கார மந்திரத்தை மெல்ல ஆரம்பித்தார்கள். சிங்கம் பின்னங்கால்களை மடக்கிப் பதுங்கி, ஒரே பாய்ச்சலில் பசுவின் கழுத்தில் விழுந்தது. அவள் மூடி வைத்த வாய் எப்படித் திறந்தது என்று அவளுக்கே தெரியவில்லை. பசு கத்தியது. கிரிவலப் பாதையில் அவள் போனில் பதிவு செய்துகொண்டு வந்த அதே குரல். நான்கு காலையும் உதறிக்கொண்டு சாய்ந்தது, சேற்றுத் திட்டுக்கு மேலே சிவப்பாகப் பரவியது. எல்லாம் முடிந்த பிறகு, மெதுவாக, கல் தொட்டி ஒன்று நடுவில் எழும்பி வந்தது. சிங்கம் அதில் தலை குனிந்து தனியாகத் தண்ணீர் குடித்தது.

புலி மானை அடிக்கிற பழைய புரோகிராமும் ஓடியிருக்கிறது, புதியதும் ஓடியிருக்கிறது. இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு பாவமும் அறியாமல்.

அதோடு நின்றதா? நயினாருக்குக் கை நடுங்கியது. அட்டையைப் பிரிக்கப் போய், அது நகர, போன் படத்தை விட்டுவிட்டு மறுபடியும் பிடித்தது. பசு எழுந்து நின்றது. சிங்கம் மறுபடியும் பாய்ந்தது. அவர் கை நடுங்க நடுங்க அது எழுந்து எழுந்து செத்தது. அதற்குள் கீழே பிள்ளைகள் குதித்து ஆர்ப்பரித்துக்கொண்டு தங்கள் தங்கள் அட்டைகளைச் சேர்த்து வைத்துவிட்டார்கள். பந்தல் முழுக்கப் பசுக்கள் கத்தின.

போனைத் தேவகுமார் பிடுங்கி அணைத்தான். சாந்திநாதன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"மாமிசம் திங்கற வீட்டுல உக்காந்து வரைஞ்சா வேற என்னா வரும்? நான் அப்பவே சொன்னேன்."

அவர் அப்பவே சொன்னது சேற்றைப் பற்றி. ஆனால் அந்த நேரத்தில் அதை யார் கேட்கப் போகிறார்கள். எல்லாத் தலையும் கடைசி வரிசைப் பக்கம் திரும்பியது. கனகலதா எழுந்து நின்றாள்.

"அண்ணா, நீ சொல்லு," என்றாள். "சேர்த்துப் பாக்கணும்னு நான் சொன்னேனா இல்லையா?"

தேவகுமார் அப்பாவைப் பார்த்தான். கமிட்டியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"உன்ன நம்பித்தானே கனகா குடுத்தோம்," என்றான்.

பாவி. அவ்வளவு நாள் மண்டியில் எடை போட்டவனுக்கு ஒரு உண்மையைத் தூக்கி வைக்கக் கை வரவில்லை. நயினார் அட்டைகளைச் சன்னிதிப் படியிலேயே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் இறங்கிப் போனார். அவள் நின்ற இடத்தைத் தாண்டும்போது வழக்கம்போல் ஒதுங்கி வழிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் இளவரசன் போனில் அழாத குறை. "ஒரே ஒரு வரிதான்க்கா. எடுத்துட்டா ரெண்டும் தண்ணி குடிக்கும். நெட்டு இருக்கற எல்லா போன்லயும் தானா மாறிடும். இப்பவே மாத்திடவா?"

"மாத்தாத," என்றாள் கனகலதா.

"அக்கா?"

"நான் சொல்ற வரைக்கும் கை வெக்காத. சாவட்டும்."

அண்ணன் சாயங்காலம் கூப்பிட்டான். மாற்றிக் கொடு என்றான். மாற்றுகிறேன், நீ அப்பாவிடம் போய், சேர்த்துப் பார்க்க வேண்டாம் என்று தடுத்தது நான்தான் என்று உன் வாயால் சொல், அடுத்த நிமிஷம் மாற்றுகிறேன் என்றாள். "அவர் ரெண்டு நாளா பச்சத் தண்ணி குடிக்கல, இப்ப போயி இதச் சொல்ல முடியுமா?" என்று கேட்டான் மறுநாள். முடிகிறபோது சொல் என்று வைத்துவிட்டாள்.

நாள் போகப் போகச் சேதி வந்துகொண்டே இருந்தது. நயினார் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளிடம் அந்த இரண்டு அட்டைகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு வருகிறாராம். கிழித்துப் போடவும் மாட்டேன் என்கிறார், எரிக்கவும் மாட்டேன் என்கிறார், உயிருள்ளவற்றின் உருவம் இருக்கிறதாம். வீட்டில் மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறாராம், சிங்கம் தனி மூட்டை, பசு தனி மூட்டை. வாங்கி என்ன பிரயோஜனம்? இந்தக் காலத்துப் பிள்ளைகள் அட்டையைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டுவிட்டார்கள். போட்டோவைக் காட்டினாலும் எழுந்து நிற்கிற ஜந்துக்கள்தானே அவை. ஜைனப் பிள்ளைகள், ஜைனர் அல்லாத பிள்ளைகள், டியூஷன் வாசல், பஸ் ஸ்டாண்டு பெஞ்சு, எங்கே பார்த்தாலும் சிங்கம் பாய்ந்துகொண்டிருந்தது. அவள் வரைந்ததிலேயே அதற்குத்தான் அவ்வளவு மவுசு.

"விடு கனகா, மாத்திக் குடுத்துடலாம்," என்றான் அறிவுச்செல்வன். "பெரியவரு பாவம்."

"நான் பாவமில்லையா?"

"நீயும்தான். அதுக்காக..."

"நீ போயி உங்க அம்மா வீட்ல பிரியாணி தின்னுட்டு வா. எனக்குப் புத்தி சொல்ல வராத."

அவன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவனைப் புண்படுத்தியதும் அவளுக்கு வலித்தது. ஆனாலும் அசையவில்லை. உண்மை வெளியே வந்தால் போதும், அப்பா நியாயஸ்தர், பிசகு தன் வீட்டுப் பக்கம் என்று தெரிந்தால் அந்த மனுஷர் தாங்க மாட்டார், தேடிக்கொண்டு வருவார் என்று நம்பினாள். அவளிடம் மிச்சம் இருந்தது அந்த ஒரு பிடிதான்.

அடுத்த மாசத்துப் பௌர்ணமி வந்தது. மத்தியானத்திலிருந்தே செங்கம் ரோடு கிரிவலக் கூட்டத்தால் நிரம்பிவிட்டது. பஸ்ஸெல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டு, சனம் சாரை சாரையாக நடந்துகொண்டிருந்தது. சந்து முனையில் நீர்மோர் ஊற்றுகிறவர்களின் மைக் அலறியது. அந்த இரைச்சலில் அவள் போன் அடித்தது. திரையில் பெயர் இல்லை, அவள் பதிந்து வைக்கவில்லை. ஆனால் அந்த எண் அவளுக்கு மனப்பாடம்.

அடுப்பங்கரைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு காதைப் பொத்திக்கொண்டாள்.

"அப்பா."

"வணக்கங்க. நான் அப்பாண்டை நயினார் பேசறேன். அட்டைப் படம் போட்டுக் குடுத்தவங்கதானே?"

"ஆமா" என்றாள்.

"தேவகுமாரு நேத்து எல்லாத்தையும் சொல்லிட்டான். சேர்த்துப் பாக்கணும்னு நீங்க கேட்டதா, அவன் தடுத்ததா. அவன் மேலயும் தப்பில்லைங்க. பாக்கக் கூடாதுன்னு சொன்னது நான்தான். பிசகு எல்லாம் எங்க பக்கம். உங்க மேல ஒரு சொல்லு வந்திருக்கக் கூடாது. கமிட்டில எல்லாரையும் உக்கார வெச்சு அதையும் சொல்லிட்டேன். சாந்திநாதனும் ஒத்துக்கிட்டாரு. மனசுல வெச்சுக்காதீங்க."

அவள் கேட்டது மொத்தமும் வந்துவிட்டது, கேட்டதற்கு மேலாகவே வந்துவிட்டது. அடுத்து வரப்போகிற வார்த்தைக்காகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு உபகாரம் பண்ணணும்," என்றார் நயினார். இப்போதுதான் அவர் குரல் உடைந்தது. "அந்தப் பசுவ நிறுத்திக் குடுங்க. தெருவுல போனா பசங்க கையில அது கத்துது. இன்னைக்கு மலை சுத்த வந்தவங்க கையில கூட பாத்தேன். எத்தன தடவங்க சாவும் அது? முதல்ல சாவ வெச்சவன் நான். தூங்க முடியல. சாப்பாடு எறங்கல."

அழுதார். பெண்டாட்டியைப் பாடையில் தூக்கியபோதுகூட அழாதவர், இல்லாத ஒரு பசுவுக்காகப் போனில் விக்கி விக்கி அழுதார். கனகலதாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அப்பா, தெருவில் நின்ற என்னை ஒரு தடவை இப்படி நினைத்தாயா என்று கேட்டுவிட வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அவர் அழுவதையும் அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"இருங்க," என்றாள். வெளியே வந்து அறிவுச்செல்வனின் போனை வாங்கி இளவரசனைக் கூப்பிட்டு, "மாத்திடு. இப்பவே" என்றாள். கொஞ்ச நேரத்தில் ஆயிற்று. மறுபடியும் அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"மாத்தியாச்சு. பாருங்க."

அந்தப் பக்கம் மூட்டை அவிழ்க்கிற சத்தம். தீக்ஷாவைக் கூப்பிடுகிற சத்தம். பிறகு குழந்தையின் குரல் தெளிவாகக் கேட்டது. "தாத்தா, தொட்டி வருது. சிங்கம் குடிக்குது தாத்தா. பசுவும் குடிக்குது. ரெண்டும் குடிக்குது." நயினார் மந்திரம் முணுமுணுத்தார். நீளமாக ஒரு மூச்சு விட்டார்.

"போன்ல யாரு தாத்தா?"

"படம் வரைஞ்சவங்கம்மா," என்றார் நயினார். பிறகு போனுக்குத் திரும்பி, "ரொம்பப் புண்ணியங்க உங்களுக்கு. இனிமே இது மாறாதில்ல?"

"மாறாது."

"அப்போ சரிங்க. சால்வ ஒண்ணு வெச்சிருக்கு. கடைப் பையன்கிட்ட குடுத்தனுப்பறேன். வெச்சிடறேன்."

வைத்துவிட்டார். கதவைத் திறந்துகொண்டு அவள் வெளியே வந்தபோது அறிவுச்செல்வன் எழுந்து நின்றுகொண்டிருந்தான். ஆசையாக அவள் முகத்தைப் பார்த்தான்.

"என்ன சொன்னாரு?"

"பசு பொழச்சிடுச்சாம்," என்றாள் கனகலதா.